வாக்குரிமை கொடுத்தவர் தோற்ற தேர்தல்: ஸ்வீடன், 1911

1911 செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலைப் பெரும்பாலும் இரண்டே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை என்று சட்டம் வந்த பிறகு நடந்த முதல் தேர்தல். அதில் லிபரல்கள் முதலிடம் பிடித்தார்கள். சரிதான். ஆனால் அந்த வாக்குரிமையைச் சட்டமாக்கியவர் லிபரல் அல்ல. வலதுசாரிப் பிரதமர் ஆர்விட் லிண்ட்மன்தான் அதைக் கொண்டுவந்தார். தான் எழுதிய சட்டத்தின்படி நடந்த முதல் தேர்தலிலேயே ஆட்சியையும் இழந்தார்.

வலதுசாரிகள் ஏன் வாக்குரிமையை விரித்தார்கள்? விரித்தபோது தங்களுக்கென்று எதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்? இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்று நினைக்கிறேன். 1911இல் மக்கள் போட்ட வோட்டுக்கு எவ்வளவு பலம் இருந்தது, அந்தப் பலம் எங்கே போய் முட்டி நின்றது என்பதற்கெல்லாம் விடை அதில்தான் இருக்கிறது.

800 குரோனா கோடு

பிரபுக்கள், பாதிரிமார், நகர வணிகர், விவசாயிகள் என்று நான்கு வகுப்புகளாக உட்கார்ந்திருந்த பழைய நாடாளுமன்றத்தை ஸ்வீடன் 1866இல் கலைத்தது. அதற்குப் பதிலாக இரண்டு அவைகள் வந்தன. அந்தக் காலத்துக்கு அது பெரிய மாற்றம். ஆனால் இரண்டாம் அவைக்கு வோட்டுப் போட ஒருவரிடம் குறிப்பிட்ட மதிப்புள்ள நிலமோ வீடோ இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஆண்டுக்கு 800 குரோனா வருமானத்துக்கு வரி கட்ட வேண்டும். ஆணாகவும் இருக்க வேண்டும். இவ்வளவையும் கழித்துப் பார்த்தால் ஆரம்பத்தில் வோட்டு இருந்தது மக்கள்தொகையில் ஏறக்குறைய 6 சதவீதம் பேருக்கு மட்டும்.

முதல் அவைக்கு மக்கள் நேரடியாக வோட்டுப் போடுவதே இல்லை. மாவட்ட மன்றங்களும் பெருநகர மன்றங்களும்தான் அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. அந்த மன்றங்களுக்கு அடித்தளமாக இருந்த உள்ளூர்த் தேர்தல் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே ஒருவருக்கு ஒரு வோட்டு என்ற பேச்சே கிடையாது. நிலமும் வருமானமும் எவ்வளவோ அதற்கேற்ப வோட்டுகள். இந்தக் கணக்கின் அலகுக்கு 'ஃபிர்க்' என்று பெயர். கூலிக்காரருக்கு ஒன்றும் இல்லை. சிறு விவசாயிக்குச் சில. ஆலை முதலாளிக்கோ பண்ணையாருக்கோ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். கம்பெனிகளுக்குக்கூட வோட்டு உண்டு. 1871இல் 54 கிராம ஊராட்சிகளில் பாதிக்கு மேற்பட்ட வோட்டு ஒரே ஒரு வாக்காளரிடம் இருந்தது. அந்த ஊர்களில் கூட்டம் போட்டு எண்ணுவதெல்லாம் சடங்கு. அவர் என்ன சொன்னாரோ அதுதான் முடிவு.

இதே முறையில் எதிர்பாராத ஒரு பக்கமும் இருந்தது. உரிமை ஆளைப் பார்த்து வராமல் வரியைப் பார்த்து வந்ததால், தன் பெயரில் வரி கட்டிய திருமணமாகாத பெண்களுக்கும் விதவைகளுக்கும் 1862 முதலே உள்ளூர்த் தேர்தலில் வோட்டு இருந்தது. நாடாளுமன்றத் தேர்தல் என்று வந்ததும் அதே பெண் வெளியே நிற்க வேண்டியதுதான்.

1901இல் கட்டாய ராணுவப் பயிற்சி 240 நாளாக நீட்டப்பட்டது. வாக்குரிமை கேட்டவர்களுக்கு மறுக்க முடியாத ஒரு வாதம் அப்போது கிடைத்தது. 'ஒரு ஆள், ஒரு வோட்டு, ஒரு துப்பாக்கி' என்ற முழக்கம் ஊர் ஊராகப் போனது. நாட்டுக்காகச் சாகக் கூப்பிடலாம், நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூப்பிட மாட்டீர்களா என்று கேட்டால் எந்தப் பழமைவாதிக்கும் பதில் சொல்வது சிரமம். 1902 மே மாதம் சுமார் 1,20,000 தொழிலாளர்கள் மூன்று நாள் வேலையை நிறுத்தினார்கள். சம்பளத்துக்காக அல்ல, வோட்டுக்காக.

இன்னொரு பக்கம் மக்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த நாட்டிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்கா போய்விட்டார்கள். ஏன் போகிறார்கள் என்று ஆராய அரசே 1907இல் ஒரு விசாரணையைத் தொடங்கி, போனவர்களிடமிருந்து கடிதங்களை வாங்கியது. வறுமை, நிலமின்மை இவற்றோடு, சொந்த ஊரில் தங்களுக்கு மதிப்பும் குரலும் இல்லாமல் போனதையும் அவர்கள் எழுதினார்கள்.

ஸ்டாஃப் கேட்டதும் லிண்ட்மன் கொடுத்ததும்

லிபரல்களின் தலைவர் கார்ல் ஸ்டாஃப் ஒரு வழக்கறிஞர், பாதிரியாரின் மகன். தொழிற்சங்கத்தினருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர். 1905இல் நார்வே பிரிந்துபோன பிறகு நடந்த தேர்தலையடுத்துப் பிரதமரானார். ஆண்களுக்குப் பொது வாக்குரிமை, ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர், பெரும்பான்மை பெற்றவர் வெற்றி என்பது அவருடைய திட்டம். பிரிட்டனைப் போல, மக்கள் தேர்ந்தெடுத்த அவைதான் அரசாங்கத்தை ஆக்கவும் நீக்கவும் வேண்டும் என்பது அதற்குப் பின்னால் இருந்த எண்ணம். 1906இல் இரண்டாம் அவை அதை ஏற்றது. முதல் அவை நிராகரித்தது. அவையைக் கலைத்து மக்களிடம் போகிறேன் என்று ஸ்டாஃப் கேட்டார். மன்னர் இரண்டாம் ஆஸ்கர் மறுத்துவிட்டார். ஸ்டாஃப் பதவி விலகினார்.

அடுத்து வந்தவர்தான் லிண்ட்மன். கடற்படை அதிகாரியாக இருந்து இரும்புத் தொழிலுக்குப் போனவர், வேலை தெரிந்த மனிதர். வாக்குரிமையை இனி நிறுத்தி வைக்க முடியாது என்பதை அவர் புரிந்துகொண்டார். தொழிலாளர்களுக்கு வோட்டுப் போய்ச் சேரும்போது பெரும்பான்மை முறையும் கூடவே வந்தால், தொகுதி தொகுதியாகத் தோற்று வலதுசாரிகள் இரண்டாம் அவையில் அடையாளமில்லாமல் போவார்கள். எனவே அவர் விகிதாசார முறையைக் கையில் எடுத்தார். இரண்டாம் அவைக்கும் விகிதாசாரம், முதல் அவைக்கும் விகிதாசாரம். உள்ளூர்த் தேர்தலின் வோட்டு ஏணியும் அடியோடு போகவில்லை; ஒருவருக்கு அதிகபட்சம் 40 வோட்டு என்று குறைக்கப்பட்டது. அரசியல் சாசனத் திருத்தத்துக்கு இடையில் ஒரு தேர்தல் வைத்து இரண்டு முறை ஒப்புதல் வேண்டும் என்பதால் 1907இல் முதல் ஒப்புதலும் 1909இல் இரண்டாவதும் கிடைத்தன.

இந்த முறை எண்ணிக்கையில் எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு கற்பனைத் தொகுதியை வைத்துச் சொல்கிறேன். ஐந்து இடங்கள். முதல் கட்சிக்கு 10,000 வோட்டு, இரண்டாவதற்கு 7,000, மூன்றாவதற்கு 4,000. அதே பகுதியை ஐந்து தனித் தொகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் இதே விகிதத்தில் வோட்டு விழுந்து, அதிக வோட்டு வாங்கியவர் வெற்றி என்று வைத்தால், ஐந்தும் முதல் கட்சிக்கே போகும். விகிதாசாரத்தில் ஒவ்வொரு கட்சியின் வோட்டையும் 1, 2, 3 என்று வகுத்துக்கொண்டே போய், கிடைக்கும் எண்களில் பெரிய ஐந்தை எடுப்பார்கள். 10,000, 7,000, 5,000, 4,000, 3,500. முதல் கட்சிக்கு இரண்டு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று. பெல்ஜியத்துக்காரர் டி'ஹோண்ட் பெயரில் வழங்கும் கணக்கு இது. நாட்டை 56 தொகுதிகளாகப் பிரித்து 230 இடங்களையும் இப்படித்தான் பங்கிட்டார்கள்.

வோட்டுச் சீட்டும் இன்று நாம் அறிந்த சீட்டு அல்ல. மேலே கட்சியின் பெயர், அதன் கீழே வேட்பாளர்களின் பெயர்கள் வரிசையாக. ஒரே கட்சிப் பெயரின் கீழ் வெவ்வேறு வரிசையோடு பல பட்டியல்கள் வரலாம். அந்தக் கட்சிக்குள் யாருக்கு இடம் என்று முடிவுசெய்ய டென்மார்க் கணித அறிஞர் தீலே வகுத்த ஒரு விதியும் சட்டத்தில் சேர்ந்திருந்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடக்கவும் இல்லை. செப்டம்பர் 3இல் தொடங்கி 24 வரை, ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு நாள்.

யார் வெளியே நின்றார்கள்

'எல்லா ஆண்களுக்கும்' என்று மேலே எழுதினேன். அந்த 'எல்லா'வைத் திறந்து பார்த்தால் நிறைய ஓட்டை. 24 வயது நிறைந்திருக்க வேண்டும். திவாலாகியிருக்கக் கூடாது. ராணுவப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். கடந்த சில ஆண்டுகளின் வரியில் பாக்கி இருக்கக் கூடாது. ஏழைகள் நிவாரணம் வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

கடைசி இரண்டு விதிகளையும் படிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. வேலை போனவர், கை உடைந்தவர், வருஷத்தில் பாதி நாள் மட்டும் கூலி கிடைத்தவர், இவர்களுக்குத்தான் வரி பாக்கி விழும். ஊர் நிவாரணத்தில் வாழ்ந்த முதியவருக்குத் தன்னை நடத்தும் விதிகளைப் பற்றி ஒரு சொல் சொல்ல வழியில்லை. சொத்து என்ற கோட்டை அழித்துவிட்டு வறுமை என்ற கோட்டைப் போட்டார்கள்.

அதிலும் 1911ஐப் பார்த்தால், அதற்கு இரண்டே ஆண்டுக்கு முன்னால் நாடு ஒரு பெரிய வேலைநிறுத்தத்தைக் கண்டிருந்தது. 1909 ஆகஸ்ட் 4இல் தொடங்கிய பொது வேலைநிறுத்தத்தில் சுமார் 3,00,000 தொழிலாளர்கள் இறங்கினார்கள். முதலாளிகள் அசையவில்லை. வாரங்கள் போகப் போகப் பை காலியாகி வேலைக்குத் திரும்பினார்கள். பலரை ஆலைகள் திரும்பச் சேர்க்கவே இல்லை. தொழிற்சங்கக் கூட்டமைப்பு அடுத்த ஆண்டுகளில் உறுப்பினர்களில் ஏறக்குறைய பாதியை இழந்தது. அப்படித் தோற்றுப்போய்ச் சிலர் கடனிலும் சிலர் கப்பலிலும் போய்ச் சேர்ந்த வர்க்கத்தின் முன்னால்தான் முதல் வோட்டுச் சீட்டு வந்து நின்றது. தெருவில் தோற்றதை வாக்குச்சாவடியில் மீட்கலாம் என்ற எண்ணம் பலரை உள்ளே இழுத்திருக்க வேண்டும்.

பெண்கள் முழுவதுமாக வெளியே. அதே 1911 ஜூனில் ஸ்டாக்ஹோமில் சர்வதேசப் பெண்கள் வாக்குரிமைக் கூட்டணியின் மாநாடு நடந்தது. அமெரிக்காவின் கேரி சாப்மன் காட் தலைமை. மேடையேறிப் பேசியவர்களில் செல்மா லாகர்லோஃப் ஒருவர். 1909இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். உலகமே பெயர் சொல்லி அழைத்த அந்த எழுத்தாளருக்குச் சொந்த நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் வோட்டு இல்லை. அதுவரை கட்சி சாராமல் இருந்த ஸ்வீடன் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அந்த ஆண்டு முடிவை மாற்றிக்கொண்டது: பெண்களுக்கு வோட்டு என்று தன் திட்டத்தில் எழுதாத கட்சிக்கு நம் ஆதரவு இல்லை. அப்படி எழுதாத கட்சி லிண்ட்மனுடையது.

எதற்காக வோட்டு, யாருக்கு வோட்டு

வாக்குரிமையைத் தவிர மேடையில் இரண்டு விஷயங்கள் சூடாக இருந்தன. ஒன்று மது. லிபரல் கட்சியின் முதுகெலும்பே மதுவிலக்கு இயக்கத்தினரும் அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்த சுதந்திரச் சபையினரும்தான். 1909 இறுதியில் மதுவிலக்கு இயக்கம் தானே ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. சுமார் 19 லட்சம் பேர் தடைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அதில் பெண்களும் வோட்டுப் போட்டார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போகக் கூடாது.

இன்னொன்று கப்பல். லிண்ட்மன் அரசு 'எஃப் படகு' என்ற புதுவகைக் கவசப் போர்க்கப்பலைக் கட்ட 1911 வசந்தத்தில் நாடாளுமன்ற ஒப்புதல் வாங்கியிருந்தது. இவ்வளவு செலவு தேவையா, மக்கள் நலனுக்கு என்ன மிஞ்சும் என்று லிபரல்களும், தொழிலாளர் கட்சியான சமூக ஜனநாயகவாதிகளும் கேட்டார்கள். ரஷ்யாவைப் பற்றிய பயம் அந்நாட்டில் நெடுநாள் பயம். அதனால் இந்தக் கேள்வி வெறும் வரவு செலவுக் கணக்காக நிற்கவில்லை.

சமூக ஜனநாயகவாதிகளின் தலைவர் யால்மார் பிராண்டிங், உப்சாலாவில் வானியல் படித்துவிட்டுப் பத்திரிகை ஆசிரியரானவர். 1896இல் லிபரல்களின் துணையோடு நாடாளுமன்றத்துக்குள் போய், 1902 வரை அங்கே தன் கட்சியின் ஒரே உறுப்பினராக உட்கார்ந்திருந்தவர். 1907இல் அரியணை ஏறிய மன்னர் ஐந்தாம் குஸ்தாவும் இவரும் சிறுவயதில் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

முடிவு வந்தது. வாக்காளர் பட்டியல் சுமார் 5 லட்சத்திலிருந்து 10 லட்சத்து 66 ஆயிரமாக, இரட்டிப்பாகியிருந்தது. வோட்டுப் போட்டவர்கள் 6 லட்சத்து 7 ஆயிரம், அதாவது 57 சதவீதம். லிபரல்களுக்கு 40.2 சதவீத வோட்டும் நூறைச் சற்றே தாண்டிய இடங்களும். வலதுசாரிகளுக்கு 31.2 சதவீதம். சமூக ஜனநாயகவாதிகளுக்கு 28.5 சதவீதம், 34ஆக இருந்த அவர்களுடைய இடங்கள் 64ஆகின. வலதுசாரிகளுக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

லிண்ட்மனின் கணக்கு இங்கே நிரூபணமானது. அவர் ஆட்சியை இழந்தார், கட்சியை இழக்கவில்லை. பெரும்பான்மை முறை இருந்திருந்தால் அறுபது சொச்சம் இடங்கள் அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே கணக்கு சிறுகட்சியான சமூக ஜனநாயகத்துக்கும் நியாயம் செய்தது. யாரைத் தடுத்து நிறுத்த அந்த முறை வந்ததோ அவர்களையே அது வளரவும் விட்டது.

வோட்டு போய் முட்டிய இடம்

லிண்ட்மன் விலக, அக்டோபர் 7இல் ஸ்டாஃப் மீண்டும் பிரதமரானார். சமூக ஜனநாயகவாதிகளை அமைச்சரவைக்கு அழைத்தார். அவர்கள் வெளியிலிருந்து ஆதரவு தருவதோடு நிறுத்திக்கொண்டார்கள். முதல் அவையைக் கலைக்கும்படி ஸ்டாஃப் மன்னரைக் கேட்டார். இம்முறை மன்னர் ஒத்துக்கொண்டார். ஆனால் 40 வோட்டு ஏணியின் மேல் நின்ற அந்த அவையில் மறுபடியும் வலதுசாரிப் பெரும்பான்மையே வந்தது.

அப்புறம் நடந்தது எல்லாம் இதன் தொடர்ச்சிதான். 1912இல் ஸ்டாஃப் அரசு பெண்கள் வாக்குரிமை மசோதாவைக் கொண்டுவந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த இரண்டாம் அவை நிறைவேற்றியது. முதல் அவை வீழ்த்தியது.

எஃப் படகை ஸ்டாஃப் நிறுத்திவைத்தார். உடனே கப்பலுக்காக நாடு தழுவிய நிதி வசூல் தொடங்கி, சில மாதங்களில் 1.5 கோடி குரோனாவைத் தாண்டியது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு வேண்டாம் என்றதை நன்கொடையால் கட்டிக் காட்டுவோம் என்ற செய்தி அதில் இருந்தது. அரசால் மறுக்க முடியவில்லை, பணத்தை ஏற்றுக்கொண்டது. ஸ்டாஃப் மீது வெறுப்பு எவ்வளவு வளர்ந்தது என்றால், அவர் முகம் பதித்த சாம்பல் கிண்ணங்கள் விற்பனைக்கு வந்தன. சுருட்டை அவர் முகத்தில் அணைக்கலாம். நாட்டின் பிரதமர் அவர், வோட்டால் வந்தவர்.

1914 பிப்ரவரி 6. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் தனி ரயில்களில் ஸ்டாக்ஹோமுக்கு வந்து அரண்மனைக்கு ஊர்வலம் போனார்கள். பாதுகாப்பைப் பலப்படுத்து, செலவு எங்களுடையது என்றார்கள். அரண்மனை முற்றத்தில் ஐந்தாம் குஸ்தாவ் அவர்களுக்கு உரையாற்றினார். அந்த உரையை எழுதித் தந்ததில் பெரும்பங்கு நாடாய்வுப் பயணங்களால் பெயர்பெற்ற ஸ்வென் ஹெடினுடையது. தன் அரசாங்கத்தின் பாதுகாப்புக் கொள்கைக்கு எதிராக மன்னர் வெளிப்படையாகப் பேசினார். 'என் படை', 'என் கடற்படை' என்றார். இரண்டு நாள் கழித்துத் தொழிலாளர்கள் ஊர்வலமாக வந்தார்கள், ஸ்டாஃபுக்கு ஆதரவாக. இனி அமைச்சர்களைக் கேட்காமல் இப்படிப் பேசக் கூடாது என்று ஸ்டாஃப் உறுதிமொழி கேட்டார். மக்களோடு பேசும் உரிமையை விட்டுத்தர முடியாது என்றார் மன்னர். ஸ்டாஃப் இரண்டாம் முறையாக விலகினார். 1906இல் ஒரு மன்னர், 1914இல் அவர் மகன். ஸ்டாஃப் மறுபடி பதவிக்கு வரவில்லை; 1915 அக்டோபரில் காலமானார்.

அவர் விலகிய பிறகு 1914 வசந்தத்தில் நடந்த தேர்தலில் சுமார் 70 சதவீதம் பேர் வோட்டுப் போட்டார்கள். வலதுசாரிகள் 86 இடங்களோடு முதலிடத்துக்கு வந்தார்கள். போர் வெடித்த பிறகு இலையுதிர் காலத்தில் நடந்த தேர்தலில் சமூக ஜனநாயகவாதிகள் 87 இடங்கள் வாங்கி முதல் கட்சியானார்கள். இரண்டு முறையும் தேய்ந்தது லிபரல்கள். பெண்களுக்கு வோட்டு, உள்ளூரில் ஏணி இல்லாத வோட்டு, மக்கள் அவைக்குக் கட்டுப்பட்ட அரசு என்று ஸ்டாஃப் கேட்ட மூன்றும் அவர் இறந்த பிறகுதான் வந்தன. 1917 தேர்தலுக்குப் பின் லிபரல் நீல்ஸ் எடேன் பிரதமராக, பிராண்டிங் நிதியமைச்சராக அமைந்த கூட்டணி அரசை மன்னர் ஏற்க வேண்டியதாயிற்று. 1918 டிசம்பரில், ஜெர்மனியில் முடியாட்சி கவிழ்ந்த அதிர்ச்சி ஆறும் முன்னே, முதல் அவை ஏணியைக் கைவிட்டது. 1919 மே 24இல் பெண்கள் வாக்குரிமைக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது.

1921 தேர்தலில் ஸ்வீடன் பெண்கள் முதல் முறையாக வோட்டுப் போட்டார்கள். ஐந்து பெண்கள் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள்: முதல் அவைக்கு கெர்ஸ்டின் ஹெசல்கிரேன், இரண்டாம் அவைக்கு எலிசபெத் தாம், அக்டா ஓஸ்ட்லுண்ட், நெல்லி தூரிங், பெர்தா வெல்லின். அந்த வெல்லின் வலதுசாரிக் கட்சிக்காரர்.

ஊர் நிவாரணத்தில் நிரந்தரமாக வாழ்ந்தவர்கள் அப்போதும் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு வோட்டு வந்தது 1945இல்.